பத்தாவது சேனலில் ஸ்ரீரங்கன் வீட்டு கேட்

இதில் ஒரு சொல் பொய் கிடையாது. வேண்டுமானால் மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று சத்தியம் செய்யலாம். அந்த வருஷம் குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். ஊரின் பெயரை மெட்ராஸிலிருந்து சென்னை என்று மாற்றிய மறு வருஷம், மாசி மாதத்து வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஸ்ரீரங்கன் திருவல்லிக்கேணியில் அப்துல் கய்யூமின் எலக்ட்ரானிக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரே வைத்திருந்த மூன்று பெட்டிகளையும் பெண் பார்க்க வந்தவர் மாதிரி மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றும் ஒரே தொழில் செய்பவை. வாசலில் மாட்டிய காமிரா பார்ப்பதை, ஒயரே இல்லாமல் ஹாலில் இருக்கும் டிவிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை. காமிரா முடிவாகிவிட்டது, பேச்சு பெட்டியைப் பற்றித்தான். ஒன்று சோப்புப் பெட்டி அளவு, ஒன்று டிபன் பாக்ஸ் அளவு, மூன்றாவது கல்யாணத்தில் மாப்பிள்ளை சாய்ந்துகொள்ளும் திண்டு அளவு. ஒயர் போட்டே வேலையை முடித்திருக்கலாம். ஒயர்மேன் வந்து பார்த்து, ஹால் சுவரில் ஓர் ஓட்டை போட்டால் போதும் என்று பென்சிலால் வட்டம்கூடப் போட்டுவிட்டுப் போனார். அந்தச் சுவரின் மறுபக்கம் பூஜை அலமாரி. "ஏன்னா, பெருமாள் முதுகுல மிஷினை வெச்சுக் குடையப் போறேளா?" என்று விசாலாக்ஷி கேட்டாள். அதற்கு எந்த வைணவனிடமும் பதில் கிடையாது. ஆகவே ஒயர் இல்லாத பெட்டி.

"வாசல்லேர்ந்து ஹாலுக்கு எவ்ளோ தூரம் சார்?" என்று கய்யூம் கேட்டார்.

"வாசல்ல நின்னுண்டு குரல் குடுத்தா காப்பி வந்துடும். அவ்வளவு தூரம்."

"அப்ப சின்னதே ஜாஸ்தி சார். இத எடுத்துக்குங்க."

இங்கேதான் காரியம் கெட்டது. ஸ்ரீரங்கன் தன் உத்தியோக காலம் முழுவதையும் சர்க்கார் தணிக்கை ஆபீசில் கழித்தவர். ஒரு வியாபாரி தானாக முன்வந்து விலை குறைந்த சாமானைச் சிபாரிசு செய்தால் அதில் ஏதோ இருக்கிறது என்பது அவர் படித்த முதல் பாடம். சின்னதைப் பார்த்தார். அது அப்பாவி மாதிரி இருந்தது. சந்தேகம் வலுத்தது.

"பெரிசுல என்ன கோளாறு?"

"கோளாறே இல்ல சார். அதான் கோளாறு. அது செவுரு கிவுரு எதையும் மதிக்காது. கல்யாண மண்டபம், ஃபேக்டரி மாதிரி எடத்துக்குத்தான் அது."

"எங்காத்துச் சுவர் சுண்ணாம்புக் காரை. மூணடி அகலம். அதைத்தான் எடுத்துக்கறேன்."

கய்யூம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு பெட்டியைச் செய்தித்தாளில் சுற்றினார். கடைக்காரருக்கும் ஒரு அளவுதான்.

காமிரா எதற்கு என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் ஸ்ரீரங்கன் குழாய்த் திருட்டைச் சொன்னார். பக்கத்து இரண்டு வீடுகளில் வாசல் பித்தளைக் குழாயைத் திருகிக்கொண்டு போய்விட்டார்கள், இது உண்மை. ஆனால் ஸ்ரீரங்கன் வீட்டு வாசல் குழாய் பிளாஸ்டிக். இதை யாரும் அவரிடம் சுட்டிக்காட்டவில்லை, ஏனென்றால் காரணம் எல்லோருக்கும் தெரியும். அவருடைய ஒரே பெண் மதுவந்தி, கூடப் படித்த வெங்கடேஷைக் கல்யாணம் செய்துகொண்டாள். வெங்கடேஷின் அப்பா வெள்ளைத்துரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். ரிஜிஸ்டர் ஆபீசிலிருந்து மாலையும் கழுத்துமாக இருவரும் வந்து நின்ற அன்று, ஸ்ரீரங்கன் கேட்டை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டு, "இந்தக் கேட்டைத் தாண்டி நீ உள்ள வரப்படாது" என்றார். சொல்லி முடித்ததும், வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று அவருக்கே தோன்றியது. ஆனால் எழுதிக் கையெழுத்துப் போட்ட வரியை அடிப்பது அவருடைய ஆபீசில் வழக்கமில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம். சமீபத்தில் அவரும் விசாலாக்ஷியும் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தபோது, மதுவந்தி வந்து கேட்டில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டுத் திரும்பிப் போனாள் என்று எதிர்வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்தாளா, ஆள் இருப்பார்கள் என்று நினைத்து வந்தாளா என்பது ஸ்ரீரங்கனுக்கு விளங்கவில்லை. இன்னொரு முறை வந்தால் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டும், ஆனால் பார்ப்பதற்காகக் காத்திருந்ததாகத் தெரியக் கூடாது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தெரு பார்க்கும். ஹாலில் டிவி பார்ப்பவரை யார் என்ன சொல்ல முடியும்? காமிராவின் அவசியம் இதுதான்.

காமிராவைப் போர்ட்டிகோவின் உத்தரத்தில் மாட்டினார். பெட்டியைப் பரண்மேல் ஏற்றி, அங்கிருந்த பிளக் பாயிண்ட்டில் செருகினார். படம் வந்தது, ஆனால் கொஞ்சம் பூச்சி பறந்தது. அப்போதுதான் மொட்டை மாடியில் பழைய டிவி ஆன்டெனா சும்மா நிற்பது அவர் நினைவுக்கு வந்தது. கேபிள் வந்த பிறகு அதில் காக்காய்கள்தான் உட்கார்ந்துகொண்டிருந்தன. நல்ல அலுமினியம், பூஸ்டர் வேறு வைத்தது. ஒரு சாமானைச் சும்மா விடுவதைவிடப் பெரிய பாவம் அந்த வீட்டில் கிடையாது. தீர்ந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு, கிழிந்த வேஷ்டியில் கைப்பிடித் துணி, பழைய காலண்டர் தாளில் புத்தக அட்டை. அந்த நியாயப்படி, ஸ்ரீரங்கன் ஆன்டெனாவின் ஒயரை இழுத்துப் பெட்டியின் பின்னால் செருகி, பூஸ்டரைத் தலைகீழாக மாற்றிப் போட்டார். காக்காய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிப் போயின. படம் கண்ணாடி மாதிரி ஆனது. பத்தாவது சேனலில் கேட், கேட்டுக்கு அந்தப் பக்கம் கோலம், அதற்கும் அந்தப் பக்கம் தெரு.

பிறகு அவர் நாள் ஓர் ஒழுங்குக்கு வந்தது. டிவி எதிரே உட்காருவார். கொஞ்ச நேரம் ஆனதும், படம் சரியாக விழுகிறதா என்று பரிசோதிப்பதற்காக வெளியே போவார். கேட்டில் கை வைத்துக்கொண்டு தெருமுனையைப் பார்ப்பார். காமிரா பரிசோதனைக்கும் தெருமுனைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. திரும்பி உள்ளே வந்து உட்காருவார். விசாலாக்ஷி காப்பியை நீட்டியபடி, "குழாய் இருக்கா?" என்று கேட்பாள். "இருக்கு" என்பார்.

வீட்டு வேலைக்குப் பட்டினப்பாக்கத்திலிருந்து வரும் பாஞ்சாலிதான் முதலில் சொன்னாள்.

"இன்னா சாமி, காத்தால நீ கேட்டாண்ட நின்னுகினு கொட்டாவி வுட்டியே, பின்னாடி ஒரு நாயி கூட வந்து நின்னுகினு கொட்டாவி வுட்டுச்சே, அது எங்க வூட்டு டிவில வந்துச்சு."

"என்ன உளர்றே?"

"உளரல சாமி. பத்தாம் நம்பரு. எங்க வூட்டுக்காரு இன்னாமோ நியூஸுன்னு நெனச்சி குந்திகினு பாக்குறாரு. அம்மா நேத்து கோலத்துல ஒரு புள்ளி வுட்டுட்சு. எதுத்த வூட்டு முனியம்மா கூட சொல்லுச்சு, அய்யரூட்டு அம்மாக்கு ஒடம்பு சரியில்ல போலன்னு."

"நாங்க ஐயர் இல்லே," என்றார் ஸ்ரீரங்கன், திருத்த வேண்டியதை முதலில் திருத்தும் வழக்கப்படி. பிறகு வெலவெலத்துப் போய் உட்கார்ந்தார்.

கேட்டின் உள்பக்கம் ஒரு தகரத்தில் "கேட்டைச் சாத்தவும். எஸ். வி. ஸ்ரீரங்கன்" என்று அவரே எழுதி மாட்டியிருந்தார். டெலிபோன் டைரக்டரி வீட்டுக்கு வீடு இருந்த காலம் அது. அந்த வாரத்திலிருந்து போன் அடிக்க ஆரம்பித்தது. அடையாற்றிலிருந்து ஒரு ரிட்டயர்டு நீதிபதி கூப்பிட்டு, கேட்டின் கீழ்க் கீலுக்கு எண்ணெய் போட வேண்டும் என்றார். அது உத்தரவு மாதிரி இருந்ததால் ஸ்ரீரங்கன் போட்டார். மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டில் இவர் வீட்டுக் கேட்டில் பால்காரர் பாக்கெட்டை மாட்டுவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வதாகச் சொன்னார்கள். பட்டினப்பாக்கத்தில் ஒருவர் பேட்டரி டிவியைக் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போய், கலங்கரை விளக்கம் தெரியாத தூரத்திலும் ஸ்ரீரங்கன் வீட்டு கேட் தெரிகிறது என்று கண்டுபிடித்தார். அன்று முதல் அங்கே கரை திரும்புகிறவர்கள் கேட் எந்தப் பக்கம் தெளிவாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் துடுப்புப் போட்டார்கள். கிரிக்கெட் மேட்ச் நடந்த ஒரு நாள், ஒரு பசு வந்து கேட்டில் வெகுநேரம் முதுகைச் சொறிந்துகொண்டது. கடைசி ஓவர் என்ன ஆயிற்று என்று தென்சென்னையில் பாதிப் பேருக்கு மறுநாள் பேப்பர் பார்த்துத்தான் தெரிந்தது.

ஸ்ரீரங்கன் இதற்கெல்லாம் பெரிதாக வருத்தப்பட்டதாகச் சொல்ல முடியாது. சட்டையை இஸ்திரி போட்டு அணிய ஆரம்பித்தார். விசாலாக்ஷி கோலம் போடும்போது நல்ல புடவை கட்டினாள், புள்ளிகள் விட்டுப்போகவில்லை. பார்ப்பவர்கள் ஒரு வீட்டுக்காரர் தன் கேட்டைச் சரிபார்ப்பதாக நினைத்துக்கொண்டு பார்க்கிறார்கள், அதில் குற்றம் ஒன்றும் இல்லை என்பது அவருடைய கட்சி.

அந்தக் கட்சி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கவிழ்ந்தது.

"சம்பந்தியா? வணக்கம். தி. நகர்லேருந்து வெள்ளைத்துரை பேசுதேன்."

அந்த உறவுச் சொல்லால் அதுவரை அவரை யாரும் கூப்பிட்டதில்லை. போனை வைத்துவிடலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அடுத்த பேச்சு வந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல. ஒங்க கேட்டுக் கொண்டி சரியா விழல. காத்தடிச்சா தானாத் தொறந்துக்கிடுது. பாத்து வையுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கடையில ஒரு டிவி கெடக்குல்லா? சுத்தி அண்டாவும் தவலையும் அடுக்கி வெச்சிருக்கோம். ஒங்க வீட்டுப் படம் அம்புட்டுலயும் விழுந்து தெறிக்கி. வாற சனம் பாத்திரத்தப் பாக்குதா கேட்டப் பாக்குதான்னு தெரிய மாட்டேங்கி." வெள்ளைத்துரை தொண்டையைச் செருமிக்கொண்டார். "மதுவந்தி கல்லாவுலதான் உக்காந்திருக்கா. காலையில வந்ததும் சாமிக்கு வெளக்கேத்துதா, டிவியப் போடுதா. நீங்க வெளிய வந்து தெருவப் பாப்பிய. பாத்துட்டு உள்ள போவிய. அதுக்கப்புறந்தான் காப்பி குடிக்கா. எம் பொஞ்சாதி தங்கபுஷ்பம் சொல்லுதா, மனுசன் யாரையோ எதிர்பாத்துல்லா நிக்காருன்னு."

"நான் குழாயைப் பார்க்கறேன்."

"குழாய் எடக்கைப் பக்கம்லா இருக்கு சம்பந்தி. நீங்க பாக்கது வலக்கைப் பக்கம்."

ஸ்ரீரங்கன் போனை மெதுவாக வைத்தார். விசாலாக்ஷி சமையலறை வாசலில் நின்று புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யார் என்று அவள் கேட்கவில்லை. அது அவருக்கு உறைக்கவுமில்லை. அவர் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பது அதுவரை அவருக்கே அதிகாரபூர்வமாகத் தெரியாது. அதை ஒரு பாத்திரக்கடையில் குக்கர் வாங்க வந்தவர்கள் எல்லாம் கூட்டம் கூடித் தீர்மானித்திருக்கிறார்கள். மதுவந்தியும் பார்த்திருக்கிறாள். கொட்டாவியை, நாயை, இஸ்திரி போட்ட சட்டையை, வலது கைப் பக்கம் திரும்பிய தலையை, எல்லாவற்றையும். பரணில் ஏறினார். பெட்டியை இறக்கினார். செய்தித்தாளைக்கூடத் தேடாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருவல்லிக்கேணிக்குப் பஸ் ஏறினார்.

"சின்னதையே குடுங்கோ. ஹாலைத் தாண்டி ஒரு அடி போகப்படாது."

"அன்னிக்கே சொன்னேனே சார்," என்றார் கய்யூம். குரலில் வெற்றி இல்லை. இதைவிட அதிசயமான வாடிக்கையாளர்களை அவர் பார்த்திருக்கிறார். சோப்புப் பெட்டியை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போது பக்கத்து மேன்ஷனில் தங்கியிருக்கும் ஷரஃபுதீன் என்கிற ஆள், டேபிள் ஃபேனுக்குக் கன்டென்சர் வாங்க வந்தார். நடுவயது, முன்வழுக்கை, ஏதோ கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஸ்ரீரங்கனைப் பார்த்ததும், வாங்க வந்ததை மறந்துபோய் நின்றார்.

"சார், நீங்க கேட் சார்தானே?"

ஸ்ரீரங்கன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஷரஃபுதீன் அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"எங்க ரூம்ல தெனம் பாப்போம் சார். கேபிளெல்லாம் கெடையாது, கம்பி ஆன்டெனாதான். ஷிப்ட் முடிஞ்சு வந்து உங்க சேனலத்தான் போடுவோம்."

"அதுல பார்க்கறதுக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல சார். ஒருத்தர் வெளிய வந்து ரோட்டப் பாத்துட்டு உள்ள போறாரு. அவ்வளவுதான்." ஷரஃபுதீன் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "மேன்ஷன்ல எல்லாரும் ஊரு வீட்ட விட்டு வந்து கெடக்குறவங்க. சில பேரு கோச்சுக்கிட்டு வந்தவங்க. எங்க அத்தாவும் இந்நேரம் கீழக்கரையில வாசல்ல வந்து இப்படித்தான் பாத்துட்டு நிப்பாருன்னு நெனச்சுக்குவேன். ஒங்களப் பாத்துட்டு ஊருக்குப் போய்ட்டு வந்தவனுங்க இருக்கானுங்க சார் எங்க மாடியில. இன்னிக்கு மத்தியானம் போட்டுப் பாத்தா படமே காணோம். சரி, வந்துட்டாங்க போலன்னு பேசிக்கிட்டோம்."

"யார்?"

"நீங்க எதிர்பாத்தவங்க."

கடைக்கு வெளியே ஒரு சைக்கிள் ரிக்‌ஷா நகரமாட்டேன் என்று நின்றது, ஸ்ரீரங்கன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கய்யூம் இரண்டு பெட்டிகளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"எது சார்?"

"சின்னது எதுவரைக்கும் போகும்?"

"ஹால் வரைக்கும்."

"பெரிசு?"

"அல்லாவுக்குத்தான் தெரியும் சார்."

ஸ்ரீரங்கன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தி. நகர் வரைக்கும் நிச்சயமாப் போறதோல்லியோ?"

கய்யூம் அவரைப் பார்த்தார். பிறகு சோப்புப் பெட்டியை எடுத்து, எங்கிருந்து எடுத்தாரோ அங்கேயே வைத்துவிட்டு, பெரியதைச் செய்தித்தாளில் சுற்றினார். இந்த முறை சணலும் போட்டுக் கட்டினார்.

திரும்புகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் மடியில் என்ன பொட்டலம் என்று கேட்டாள். "பொண்ணுக்கு" என்று சொல்லிவிட்டு, ஏன் அப்படிச் சொன்னோம் என்று லஸ் வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பழையபடி பரணில் ஏற்றினார். இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி, அது லேசானதல்ல. போன் செய்து "வா" என்று சொல்லிவிடலாம். எழுதிய வரியை அடித்ததாகிவிடும். அவள் தானாக வரலாம். கேட்டைத் தாண்ட மாட்டாள். அவர் பெண் அல்லவா. மறுநாள் காலை, நெற்றிக்கு இட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது, பழைய ஆபீஸ் விதி ஒன்று அவருக்குப் புலப்பட்டது. ஒரு கட்டடத்தைப் பற்றிப் போட்ட உத்தரவு, கட்டடமே இல்லாமல் போனால், யாரும் ரத்து செய்யாமலேயே செத்துப்போகும்.

"ஸ்பேனர் எங்கே இருக்கு?"

"எதுக்கு?" என்றாள் விசாலாக்ஷி.

"கேட்டைக் கழட்டப் போறேன்."

"கழட்டி?"

"கழட்டிட்டா கேட் இல்லே. கேட் இல்லேன்னா தாண்டறதுக்கு ஒண்ணும் இல்லே."

"இதுக்கு ரெண்டு வருஷமா?"

"உத்தரவு உத்தரவுதான்."

"அசடு" என்றாள். அதைச் சொன்னது எந்த ஸ்வரத்தில் என்று சொல்வது கஷ்டம். ஸ்பேனரும், கீலுக்குப் போடத் தேங்காயெண்ணெயும் கொண்டுவந்து வைத்தாள்.

இரும்பு கேட். ஸ்ரீரங்கன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேல் கீலின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார். உள்ளே போன் அடித்தது. அடையாற்று நீதிபதி: பட்டப்பகலில் ஒரு கிழவன் உங்கள் கேட்டைத் திருடிக்கொண்டிருக்கிறான், உடனே பாருங்கள். "தெரியும் சார். எங்காத்துத் திருடன்தான்" என்றாள் விசாலாக்ஷி. அதை வைப்பதற்குள் மேற்கு மாம்பலம். அதற்கப்புறம் போனை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அவளும் வாசலுக்கு வந்துவிட்டாள். பாஞ்சாலி தெருக்கோடியிலிருந்து ஓடிவந்தாள்.

"சாமி, இன்னா பண்ற நீ? முதுகு புட்டுக்கப் போவுது! ஒரு பக்கம் நான் புடிச்சுக்குறேன்."

"தொடாதே. போட்டவன் நான். நானே எடுக்கறேன்."

"வயசுக்கு ஏத்த வேலையா இது? அம்மா, நீயாவது சொல்லக்கூடாதா?"

"சொல்லி அவர் கேட்டா நான் ஏன்டி இப்படி இருக்கேன்?"

கீழ்க் கீல் எளிதில் விட்டது; எண்ணெய் போட்டிருந்ததே. கேட்டை இரண்டு கையாலும் அணைத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினார். கீல்களிலிருந்து அது கழன்று வந்தபோது, தானும் கூடவே கழன்று வந்தவர் மாதிரி தள்ளாடி இரண்டடி பின்னால் போனார். போர்ட்டிகோத் தூண் தாங்கிக்கொண்டது. கேட்டை நிமிர்த்தி நிறுத்தி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இத்தனை நாளில் முதல் முறையாகத் தலையைத் தூக்கிக் காமிராவை நேராகப் பார்த்தார். எதைச் சொன்னாலும் அதில் சத்தம் போகாது. ஆகவே, கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிறவர்கள் காட்டுகிற மாதிரி, வலது கையை நீட்டி, கேட் இருந்த இடத்தைக் காட்டினார். கை நீட்டியபடியே நின்றார்.

தி. நகர் கடையில் அந்த நேரத்தில் இருந்தவர்கள் சொன்னது: அண்டாவில் ஒரு ஸ்ரீரங்கன் கையை நீட்டிக்கொண்டிருந்தார். தவலையில் ஒருவர், குடத்தில் வயிறு பெருத்த ஒருவர், கட்டுக் கட்டாகத் தொங்கிய கரண்டிகளில் கரண்டிக்கு ஒருவர் தலைகீழாக. கடை முழுக்க வா வா என்றிருக்கிறது. குக்கர் விலை கேட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள், யாரும் சொல்லாமலே கல்லாவுக்கு வழிவிட்டு ஒதுங்கினாளாம்.

தெருமுனையில் ஓர் ஆட்டோ திரும்பியது. இடது கைப் பக்கமிருந்து வந்தது. ஸ்ரீரங்கன் வழக்கப்படி வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால், அது எதிரே வந்து நின்ற பிறகுதான் திரும்பினார்.

"பெர்சு, கேட்டக் கயட்டிட்டியா?" என்று ஆட்டோக்காரர் வருத்தப்பட்டார். "இனிமே நாங்க இன்னாத்தப் பாக்குறது?"

மதுவந்தி இறங்கினாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். புடவையில் பாத்திரக்கடையின் வைக்கோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கோலத்தை மிதிக்காமல் சுற்றி நடந்து வந்து நின்றாள். பழக்கத்தில் அவள் கை கொண்டி இருந்த உயரத்துக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாததால் காற்றில் அப்படியே நின்றது. ஸ்ரீரங்கனால் கேட்டைக் கீழே வைக்க முடியவில்லை. வைத்தால் விழும், விழுந்தால் சத்தம் வரும். அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கம்பிகளுக்கு நடுவிலிருந்து அவளைப் பார்த்தார்.

"அம்மா காப்பி கலந்துண்டிருக்கா" என்றார். விசாலாக்ஷி அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

மதுவந்தி செருப்பைக் கழற்றினாள். ஒன்று கழன்றது. இன்னொன்றின் வார் சிக்கிக்கொண்டது. குனிந்து அதை விடுவித்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷத்தில் தென்சென்னை முழுவதும் எங்கேயும் ஒரு டம்ளர் வைக்கிற சத்தம்கூட இல்லை. கடலில் துடுப்புகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறு தை மாதம் வெள்ளையடிக்கிறபோது, பெட்டியைச் செருகியிருந்த பிளக் பாயிண்ட்டை எலக்ட்ரீஷியன் கழற்றிப் பார்த்தார். வீடு கட்டிய நாளிலிருந்து அதற்குக் கரண்ட் ஒயரே இழுத்திருக்கவில்லை. பின்னால் இருந்த குழியில் இரண்டு பல்லி முட்டைகள் இருந்தன.